பெல்ஜியம் கண்ணாடியில் ராணி

1896 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. மேலக்கரிசல் ஜமீன் அரண்மனையில் ராணியின் எண்ணெய் வண்ணப் படம் எழுதி முடிக்கப்பட்டது. பதினோரு நாள் வேலை.

ஜமீன்தார் படத்தின் முன் நின்றார்.

இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் நகர்ந்தார்.

எங்கே நின்றாலும் படத்தின் கண்கள் அவரையே பார்த்தன.

"யாரைப் பாக்கா?" என்றார்.

தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓவியரின் கை நின்றது.

"நேராப் பாக்குற மாதிரி எழுதுறது வழக்கம், மகாராஜா."

"என்னை அவ இப்படிப் பாத்ததில்லையே, ஓய்."

ராணியின் முகத்தை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. அது அந்த அரண்மனையின் முறை. அதனால் ஏற்பாட்டை ஜமீன்தாரே செய்திருந்தார். உள்ளே, மரத்தட்டிக்குப் பின்னால் ராணியின் நாற்காலி. எதிர்ச் சுவரில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. வாசலுக்கு வெளியே ஓவியரின் முக்காலி. அங்கிருந்து பார்த்தால் ராணி தெரியமாட்டார். கண்ணாடியில் விழும் முகம் மட்டும் தெரியும்.

சந்தேகம் ஊன்றிவிட்டால் ஓவியருக்கு இந்த ஒரு அரண்மனை போகும்.

ராணிக்கு எல்லாமே போகும்.

"தட்டியை விலக்கினீரா?"

"இல்லை."

"அவ விலக்கினாளா?"

"இல்லை, மகாராஜா. கண்ணாடியைத் தவிர நான் எதையும் பாக்கல. உங்க காவல்காரர் பக்கத்துலயேதான் நின்னார்."

உண்மைதான். காவல்காரனும் தலையாட்டினான்.

ஜமீன்தார் முக்காலியில் போய் உட்கார்ந்தார். வேலைக்காரி சுடலியைக் கூப்பிட்டு, ராணியின் நாற்காலியில் அமரச் சொன்னார்.

"நான் உக்காந்தா நாக்காலிக்கில்லா அவமானம், மகாராசா." தட்டிக்குப் பின்னால் போன சுடலியின் சிரிப்புச் சத்தம்.

"உக்காருட்டி."

கண்ணாடியில் அவள் முகம் வந்தது. முகம் மட்டும். தட்டியின் ஓரத்தில் சேலை நுனிகூடத் தெரியவில்லை.

ஜமீன்தாரின் தோள்கள் தளர்ந்தன.

ஓவியர் மூச்சு விட்டார்.

சுடலி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் குனியுத?"

"மகாராசா இப்பிடி உத்துப் பாத்தா கூசாதா?"

"நான் பாக்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? ஒங்க மொகம் மீசையோட கண்ணாடியில நிக்கே."



ஓவியர் ராணியைப் பார்க்காமல் இருக்க எல்லாம் செய்தாகிவிட்டது. ராணி ஓவியரைப் பார்ப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜமீன்தார் கண்ணாடியைப் பார்த்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

குனிந்த முகத்தில் எழுத முடியாத கண்கள் அவை.

"எத்தனாவது நாள் நிமிந்தா?"

ஜமீன்தாரின் குரல் தாழ்ந்திருந்தது. முதல் நாளே நிமிரச் சொன்னேன், வேலைக்காக, என்று ஓவியர் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நொடி இருந்தது.

அவர் எண்ணிப் பார்த்தார்.

"நாலாம் நாள்" என்றார்.

வியாழக்கிழமை காலை ராணி பல்லக்கில் பிறந்த ஊருக்கு அனுப்பப்பட்டார். படம் தர்பார் மண்டபத்தில் மாட்டப்பட்டது.