பன்னிரண்டு மணிக்குள்

கைபேசி அடித்தது.

அவள் அப்போதுதான் கையைக் கழுவி முடித்திருந்தாள். கழுவிய கைகள் தாமாக எழும்பி நெஞ்சுக்கு நேரே நின்றன. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கழுவிய கை எதையும் தொடக்கூடாது.

இப்போது கழுவியதென்னவோ மீன்சட்டி தேய்த்த கையைத்தான்.

"ஏட்டி, யாரு வந்து உனக்குக் கிளவுஸ் மாட்டணும்?" என்றார் கணவர்.

அவள் கைகளைப் பார்த்தாள். இறக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் விருப்ப ஓய்வு வாங்கி மூன்று மாதம். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். யோசிக்க வேண்டும் என்றாள். சரி என்றார்கள். இன்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

மணி பதினொன்றே முக்கால்.

யோசித்தாள் என்று சொல்ல முடியாது. தூங்கினாள். பீரோவை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் போலிருந்தது. வேண்டாமா என்று கேட்டாலும் ஆமாம் போலிருந்தது.

கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கல்லூரி முதல்வர்.

"மேடம், திங்கக்கிழமை வாரீங்கள்ல?"

"பிள்ளைங்க எதுல பழகுதாங்க?"

"பொம்மைலதான் மேடம். அசல் ஆள் மாதிரியே இருக்கும். என்ன, பேசாது."

"என் பேஷண்டும் யாரும் பேசினதில்ல."

முதல்வர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ சரிதானே மேடம்?"

கணவர் புருவத்தை உயர்த்தினார்.

"புதன்கிழமை வாரேன்."

சொன்னது யார் என்பதுபோல் அவள் கணவரைப் பார்த்தாள்.

"புதனா? சரி மேடம், சந்தோஷம்." போன் அணைந்தது.

"திங்கள்னுதான கேட்டாங்க. அதென்ன புதன்?"

"ரெண்டு நாள் இருக்கட்டுமேன்னு."

"மூணு மாசம் இருந்துச்சே. இந்த ரெண்டு நாள்ல என்னத்தச் செய்யப் போற?"

கிண்டலாகத்தான் கேட்டார்.

எப்போது சேருகிறாய் என்று தெருவே கேட்டிருக்கிறது. மகன் கேட்டான். பால்காரர்கூடக் கேட்டார்.

என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கழுவிய கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ கேளுங்க," என்றாள்.