கதவு நிலைக் கோடுகள்

வீட்டை வாங்க வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கதவு நிலையில் மட்டும் முரண்டு பிடித்தார்.

"அண்ணே, இந்தச் சிவப்புக் கோடுங்க வேண்டாமே."

"டொலுவீன் தின்னர் கிட்ட எந்தப் பெயிண்டும் வாலாட்டாது தம்பி. ரெண்டே நிமிஷம்," என்றார் வீட்டின் சொந்தக்காரரான பெயிண்ட் கடைக்காரர்.

அவை அவர் மகனின் உயரங்கள். பிறந்தநாளுக்கு ஒன்றாக அவரே போட்டவை. ஆறாவதைப் போட்ட மாதமே பையன் இறந்துபோனான். நான்கு வருடமாக அந்தப் பக்கம் அவர் கண்ணைத் திருப்பியதில்லை.

மண்டியிட்டுத் துணியை நனைத்தார். இனிப்பு வாடை எழுந்தது, விரல்கள் சில்லிட்டன. குனிந்த தலையோடு, கீழிருந்து ஆறு கோடுகளையும் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

மேலே இன்னும் நான்கு இருந்தன. உச்சிக் கோட்டை வெறும் விரலால் தொட்டார். புதுப் பெயிண்ட் ஈரமாக ஒட்டியது.

"என்னண்ணே, போகலையா?"

"இன்னைக்கு அவன் பொறந்தநாள்," என்றார். "வீடு விக்கல தம்பி."

அவர் கையால் போட்ட ஆறும் துணியில் இருந்தன.