ஒரு கிளை பாக்கி

"இந்தக் கிளை சரியில்ல. அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் கட்டரைக் கையில் எடுத்தார்.

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்சரியின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே போன்சாய் வகுப்பு. நீள மேஜை, எட்டு நாற்காலி, ஆளுக்கொரு ஜூனிபர் செடி. ஊசி இலைகளைக் கிள்ளி, வேண்டாத கிளையை நறுக்கி, மிச்சக் கிளைகளில் அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைத்து, ஒரு சாண் செடியை மலை உச்சியில் நூறு வருஷம் காற்றில் அடிபட்ட மரம்போல ஆக்க வேண்டும். ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் முடித்துவிடுவார்கள்.

அந்தப் பெரியவரைத் தவிர.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதமாக அதே நாற்காலி, அதே செடி. மேஜையில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பர்மனென்ட்'. அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொள்வார். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கம்பி சுற்றச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

டாக்டரம்மா பல் டாக்டர். நாள் முழுக்கப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். அந்தக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறாள்: பெரியவர் சுற்றிய கம்பியில் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. இதில் குறை கண்டுபிடிப்பது மனசறிந்த அநியாயம்.

ஆனால் மாஸ்டர் வாராவாரம் கண்டுபிடித்தார். ஒரு வாரம் கிளை ரொம்ப ஏறியிருக்கிறது என்றார். அடுத்த வாரம் அதே கிளை இறங்கிவிட்டது என்றார். உடனே கம்பியை வெட்டி எடுப்பார். அதையும் சர்ரென்று உருவ மாட்டார். பட்டையில் கீறல் விழக்கூடாது என்று துண்டு துண்டாக வெட்டுவார். மரத்துக்குக் காட்டுகிற கரிசனத்தில் கடுகளவாவது மனுஷனுக்குக் காட்டக்கூடாதா?

டாக்டரம்மா எழுந்து நின்றாள்.

"மாஸ்டர், கட்டரைக் கீழ வைங்க. அந்தக் கிளையில என்ன தப்புன்னு எனக்கும் சொல்லுங்க, கத்துக்கறேன்."

பெரியவர்தான் பதறிப்போனார்.

"விடுங்க டாக்டரம்மா. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கொண்ணும் அவசரம் இல்ல."

"நீங்க சும்மா இருங்கய்யா. இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கறதாலதான் உங்க தலையில மிளகாய் அரைக்கறாங்க."

மேஜை முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. இந்த மரம் முடியவில்லை என்றால் எங்கள் மரமெல்லாம் விறகுதான் என்றார் ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

மாஸ்டர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. முடிஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போகலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். டாக்டரம்மா தானே தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

பெரியவர் உடனே கிளம்பவில்லை. கத்திரியைத் துடைத்து வைத்தார். மேஜையைத் துடைத்தார். துடைத்த மேஜையையே இன்னொரு தடவை துடைத்தார். பிறகு மாஸ்டரிடம் போய், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருதரம் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். ஏழு மாதமாகப் புதியவர்களுக்கெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்த விஷயம். மாஸ்டரும் முதல் நாள் வந்தவருக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

டாக்டரம்மா கேட் வரைக்கும் கூடவே போனாள்.

"வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்கய்யா."

"காட்டறேம்மா" என்றார் பெரியவர்.

எதிரே பஸ் நிறுத்தத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பி வந்தவள், மாஸ்டரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று அவருடைய மேஜைக்குப் போனாள். அவர் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கோபம் இல்லையே மாஸ்டர்?"

"உங்க மேல என்ன கோபம்? அவர் ரெண்டாவது மாசமே முடிச்சுட்டார்."

"அப்புறம் ஏன் அவரைப் போட்டு இப்படி..."

"ஒருத்தருக்கு ஒரு மரம். முடிஞ்சா நாற்காலியை அடுத்த ஆளுக்கு விடணும். முதலாளி போட்ட சட்டம். நான் சம்பளத்துக்கு இருக்கறவன்."

சொல்லிவிட்டு ஒரு ஃபைலைப் புரட்டி, பழைய தாள் ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தார். கத்தி, கட்டர் புழங்குகிற இடம் என்பதால் முதல் நாள் எல்லோரிடமும் எழுதி வாங்குகிற படிவம். பெரியவரின் கையெழுத்து, கம்பி சுற்றியதுபோலவே ஒரே சாய்வாக இருந்தது.

'அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?' என்ற கட்டத்தில், அந்தப் படிவத்தின் உச்சியில் அச்சடித்திருந்த நர்சரியின் நம்பரையே பார்த்து எழுதியிருந்தார்.