முப்பதுக்கு முப்பது

சிதம்பரத்தில் நான் படிக்கும் மாலை வகுப்பில் சிறிய ஆய்வு ஒன்று செய்யச் சொன்னார்கள். மயக்க வாயுவுக்கும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டா என்பது என் தலைப்பு. தங்கராசு மாமா வேலை பார்க்கும் கடலூர் மருத்துவமனையில், அவர் காட்டிய மூன்றாவது மாடியில் முப்பது பேரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். வேறு பேச்சு பேசினால் ஆய்வு கெட்டுவிடுமோ என்று பயம்.

முப்பது பேருக்கும் வாயு கொடுத்திருந்தார்கள். முப்பது பேருக்கும் இடுப்பு தேய்ந்திருந்தது.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மாமா," என்றேன்.

"முப்பதுக்கு முப்பது வாங்கிட்டு தப்புங்கிறியே! இனி எனக்கு ஆபரேஷன் வேணாம்."

மறுநாள் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடப்பதாக இருந்தது. பவானி அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டவர இப்பதான் சம்மதிக்க வச்சேன். இன்னும் தள்ளுனா உசுருக்கே ஆபத்துன்னாரு டாக்டர். ஒரே நோட்டுல கெடுத்துட்டியேடி!"

நோட்டுடன் மூன்றாவது மாடிக்கே ஓடி, நர்ஸிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது இடுப்பு மூட்டு மாத்துற வார்டும்மா. மூட்டு தேஞ்சதாலதான் அவுங்களுக்கு ஆபரேஷன். ஆபரேஷனுக்குத்தான் மயக்கம் குடுத்தோம். யாரு உன்ன இங்க அனுப்புனது?"

அப்போது லிஃப்ட் வந்து நின்றது. கதவைத் திறந்தவர் மாமா. பதினோரு வருடமாக அந்த லிஃப்டை இயக்குபவர் அவர்தான். என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார்.

உடனே கதவை மூடிவிட்டார்.