கல்லில் ஒரு வரி

"பேரு மட்டும் வெட்டுங்க. எப்படிச் செத்தாருன்னு போட வேண்டாமுங்க."

வள்ளியாத்தாள் மூன்றாவது தடவையாக இதையே சொன்னாள். ஏட்டு சென்னகேசவனுக்குத் தலை சுற்றியது.

பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களுக்கு நினைவுக்கல் வைக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரே ஒரு கல், அவள் புருஷன் திருமூர்த்திக்கு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் அவள் கையெழுத்துப் போய்ச் சேராவிட்டால் பணம் திரும்பிவிடும். அப்புறம் கல்லே கிடையாது. இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

"கல்லே வேண்டாங்கறீங்களா அம்மணி?"

"ஐயோ, வேணுமுங்க. அஞ்சு வருசமாச்சு, அவரு பேரு எங்கயுமே இல்லீங்களே."

"அப்புறமென்ன? எப்படி இறந்தாருன்னும் போடோணும்னு அரசாணையிலயே இருக்குதுங்க. படித்துறைகிட்ட, பள்ளிக்கொடம் போற வழியில, ஊரே பாக்குற இடமுங்க!"

"அதனாலதானுங்க வேண்டாங்கறேன்."

ஏட்டுக்கு மனசு குறுகுறுத்தது. புருஷன் பெருமையை மறைக்கிற பொண்டாட்டி உண்டா?

திருமூர்த்தி உயிர்விட்ட அந்தப் பவானி வெள்ளத்தின்போது ஏட்டு காங்கேயத்தில் வேலை பார்த்தார். இங்கே நடந்தது எல்லாம் ஃபைலில் படித்ததுதான். ஸ்டேஷனில் ஆளுக்கொன்று சொன்னார்கள். 'புருஷன் பொண்டாட்டிக்கு ஆகாது' என்றார் ஒருவர். 'குடிச்சுப்போட்டு ஆத்துல விழுந்ததை ஃபைல்ல வீரச்சாவுன்னு எழுதிட்டாங்களோ என்னமோ' என்றார் இன்னொருவர். நிஜம் தெரியாமல் ஏட்டுக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

கேட்டே விட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு அவரு... குடிச்சிருந்தாருங்களா?"

வள்ளியாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் கொண்டாரேன்" என்று எழுந்து உள்ளே போனாள். ஏட்டுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லோகப்பிரியா புத்தகப் பையோடு ஓடி வந்தாள். மூன்றாம் வகுப்பு. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் சத்தம் போட்டுப் படித்தாக வேண்டும் அவளுக்கு. வாசலில் நின்ற பைக்கில் 'காவல்' என்று படித்து முடித்துவிட்டு, பெஞ்சின் மேல் இருந்த காகிதத்துக்கு வந்தாள். கல்லில் வெட்ட வேண்டிய வரிகள் அதில் இருந்தன.

"ப... வா... னி வெள்ளத்தில்... அடித்துச் செல்லப்பட்ட... மூன்று வயது..."

உள்ளேயிருந்து ஓடி வந்த வள்ளியாத்தாள் வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கினாள். மோர் டம்ளர் உருண்டது.

"பெரியம்மா, அது என்ன கதை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. டியூசனுக்கு நேரமாச்சு, ஓடு."

குழந்தை ஓடியது. ஏட்டு அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மூன்று வயது. இன்றைக்கு எட்டு இருக்கும்.

"அம்மணி... இந்தப் புள்ளையா?"

"ஆமாங்க. அவளுக்குத் தெரியாதுங்க. இந்த வீதியில ஒருத்தரும் சொன்னதில்லீங்க."

காகிதத்தை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு அவளக் கரை சேத்துப்போட்டுப் போயிட்டாருங்க. அந்தப் புள்ள தெனமும் உங்க கல்லப் படிச்சு, 'என்னாலதான் செத்தாரு'ன்னு நெனச்சு நெனச்சுப் பள்ளிக்கொடம் போகோணுமுங்களா?"