நிழல் விழும் பக்கம்

ஷூக்களைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பீர்க்கங்கொடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்தபடி நின்றான். மொட்டைமாடிக் கதவு திறந்தது. இலை இடுக்கு வழியே பார்த்தான். இரண்டு பெண்கள்.

யாராவது பார்த்தால் திருடன் என்பார்கள். அதைவிடக் கேவலமாகவும் நினைப்பார்கள். உண்மையைச் சொல்வதற்கு அந்தப் பெயரே மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

உண்மை இதுதான். கீழே இரண்டாம் மாடியில் இருப்பது அவன் வீடு. வந்த இருவரில் ஒருத்தி அவன் மனைவி. இந்நேரம் அவன் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருப்பதாக அவளிடம் சொல்லியிருந்தான்.

அச்சகத்தில் ஆள் குறைத்து, அவன் நாற்காலியை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பதினெட்டு வருடம் ஊரார் பிழையையெல்லாம் திருத்தியவனுக்கு இதை மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே நாள் போனது. தினமும் எட்டரைக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவான். தெருமுனை வரை போய்விட்டு, பின்பக்கப் படி வழியாக மாடிக்கு ஏறிவிடுவான்.

முதல் மாதம் தண்ணீர் டேங்க் ஓரத்தில் வெயிலில் வறுபட்டான். அப்புறம்தான் அவள் இந்தப் பந்தலைப் போட்டாள். நட்டுவைத்த இரண்டு குழாய், நடுவே நைலான் வலை, அடியில் வரிசையாக நாலு தொட்டி. ஏழு வாரத்தில் பீர்க்கு வலையை மூடி, ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுவராக நின்றது. அதற்கும் டேங்குக்கும் நடுவில் ஒருவர் உட்கார இடம் இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டான்.

"இது என்னம்மா பந்தல்?"

மூன்றாம் வீட்டு டீச்சரம்மா. ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. "பாதி நாள் என் தக்காளிக்கு வெயிலே இல்ல. பூக்குது, கொட்டுது. பூக்குது, கொட்டுது."

"பாக்கறேன் டீச்சர்," என்றாள் மனைவி.

"என்னத்தப் பாக்கறே? இந்தக் கட்டடத்துக்கே பாடம் எடுத்தவ நீ. கொடிய நிக்க வச்சா இடம் மிச்சம், ஆனா அதோட நிழல் கைப்பிடிச் சுவருக்கு வெளிய விழணும்னு என்கிட்டயே சொன்னியே. அந்தக் கோடி காலியாத்தானே கெடக்கு? அத விட்டுட்டு டேங்குக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்தியிருக்கே."

அவனுக்கும் அது புதிராகத்தான் இருந்தது. ஒரு சாண் இடத்தில் ஒரு கூடை காய் எடுப்பவள் அவள். உடைந்த ஏணியில் வெள்ளரி, சன்னல் கம்பியில் பாகல், எதையும் நிழல் பார்த்துத்தான் ஏற்றுவாள். இதில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள்?

"தப்புதான் டீச்சர்."

"ஊருக்கு உபதேசம், உனக்கு இல்லையா? உன் வீட்டுக்காரருக்குத் தப்புக் கண்டுபிடிக்கறதுதானே உத்தியோகம். அவராவது சொல்லக் கூடாதா?"

இலைக்குப் பின்னால் அவன் காது சுட்டது.

"அவர ஏன் டீச்சர் இழுக்கறீங்க? எனக்குத்தான் அறிவில்ல, வச்சுட்டேன்."

அறிவில்லையாம். செடி விஷயத்தில் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவள் சொல்கிறாள். வெளியே வந்து, 'அவள ஒண்ணும் சொல்லாதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ஒரு காலை எடுத்து வைத்தான். கையிலிருந்த ஷூ கண்ணில் பட்டது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, குழாய் எப்படி நட்டிருக்குன்னு பாப்போம். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினா இப்பவே நகத்திடலாம்." டீச்சரம்மா பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தார். செருப்புச் சத்தம் நாலடி தூரத்தில் கேட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"டீச்சர், நில்லுங்க." மனைவியின் குரலில் அதுவரை இல்லாத அவசரம். "அந்தப் பக்கம் பாசி, வழுக்கிடும். நாளைக்குக் காலையில நானே பிரிச்சு அந்தக் கோடிக்குக் கொண்டுபோயிடறேன். சத்தியமா."

செருப்புச் சத்தம் நின்றது.

"காய்க்கற கொடியம்மா. வலையிலேர்ந்து பிரிச்சா தாங்குமா?" டீச்சரம்மாவின் குரல் சற்று இறங்கியிருந்தது.

"போனாப் போகட்டும் டீச்சர்."

"நான் என்னவோ உன் கொடியக் கொல்லச் சொன்ன மாதிரி பேசறே," என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சரம்மா இறங்கிப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவன் மூச்சை விட்டான். நாளைக்கு எங்கே போய் உட்காருவது என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அவள் தண்ணீர் சுமந்து வளர்த்த கொடி போகப்போகிறது, தனக்கோ தன் இடம் போகிறதே என்ற கவலை. தன்னையே அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மனைவி இறங்கவில்லை. பந்தலருகே வந்து ஒரு காயைப் பறித்தாள். இன்னொன்றையும் பறித்தாள். இலையை விலக்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. கொடியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து இங்க வெயில் அடிக்கும்ங்க. வீட்டுலயே உக்காந்துக்கங்க."