பெண் பார்க்கப் போன மகள்

காலப் பயணம் ஆளுக்கு இரண்டு முறைதான். யாழிசை முதல் பயணத்தை அம்மாவுக்காக, அவள் கல்யாணத்தை நிறுத்தச் செலவழித்தாள். அப்பா பெண் பார்க்க வந்த நாளுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி அடுப்படியில் நுழைந்து பஜ்ஜி மாவில் உப்பை அள்ளிப் போட்டாள்.

கல்யாணம் நிற்கவில்லை.

"உப்புக் கரிச்ச பஜ்ஜிய முகம் சுளிக்காம தின்னாருடி. அதைப் பாத்துத்தான் சரின்னு சொல்லித் தொலைச்சேன்" என்றாள் அம்மா.

விவாகரத்தாகித் தனியே இருக்கும் அப்பா விடுவாரா? "எனக்காகவும் ஒரு தடவை போயிட்டு வாம்மா" என்றார். போனாள். அதே நாளில், அவருடைய வெள்ளைச் சட்டையில் காபியைக் கொட்டினாள். மணப்பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான் அப்பா.

திரும்பியதும் அம்மாவும் அப்பாவும் ஒரே போன் அழைப்பில் வந்தார்கள்.

"நீ யாரு பக்கம்டி?" என்றாள் அம்மா.

"அதானே, சொல்லு" என்றார் அப்பா. பல வருடங்களில் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான்.

"கல்யாணம் நின்னிருந்தா, இந்தக் கேள்விய யாருகிட்ட கேட்டிருப்பீங்க?" என்றாள் யாழிசை.

இருவருக்கும் அது அதுவரை தோன்றவே இல்லை.